யாரும் திருத்தாமல் விட்ட குரல்: அலானிஸ் மோரிசெட்டும் 'யூ ஆட்டா நோ'வும்

1992 அக்டோபரில் கனடியப் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் இரண்டாவது ஆல்பம் கனடாவில் வெளியானது. அவருக்கு அப்போது வயது 18. முதல் ஆல்பம் விற்றதில் பாதிக்குச் சற்று மேல்தான் இது விற்றது. எம்சிஏ கனடா என்ற இசை கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் இரண்டு ஆல்பத்துக்கானது. இரண்டும் முடிந்தபோது அவருக்குப் பின்னால் எந்த கம்பெனியும் இல்லை. அங்கிருந்து மூன்றரை வருடம்கூட ஆகவில்லை. 1996 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது அவருடைய அடுத்த ஆல்பமான 'ஜாகிட் லிட்டில் பில்'லுக்குத்தான் போனது. அதுவரை அந்த விருதை 21 வயதில் யாரும் வாங்கியதில்லை.

நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். காதலன் கைவிட்டான், பெண்ணுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் 'யூ ஆட்டா நோ' என்ற பாட்டாக வெடித்தது, உலகம் திரும்பிப் பார்த்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காதல் தோல்வியில் பாட்டு எழுதியவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர். இந்த ஒரு பாட்டு ஏன் இப்படிப் போனது என்பதற்கு அந்தக் கதையில் பதில் இல்லை. பதில் ஒலிப்பதிவில் இருக்கிறது, விற்ற விதத்தில் இருக்கிறது, அதற்கு முந்தைய பல வருடப் பயிற்சியிலும் இருக்கிறது. அந்தப் பயிற்சியைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒட்டாவாவின் குட்டி நட்சத்திரம்

1974 ஜூன் 1 அன்று கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் பிறந்தவர் அலானிஸ். கூடப் பிறந்த இரட்டையர் வேட் என்ற அண்ணன். பெற்றோர் இருவரும் கல்வித்துறையில் வேலை பார்த்தவர்கள். அம்மா ஹங்கேரியில் பிறந்தவர், அப்பா பிரெஞ்சு வழிக் கனடியர். கத்தோலிக்க வீடு, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்.

1986இல், ஒட்டாவாவில் தயாராகி அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலிலும் ஓடிய ஒரு குழந்தைகள் நகைச்சுவைத் தொடரில் சில எபிசோடுகள் நடித்தார். அந்தத் தொடரில் யாராவது 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டால் தலைக்கு மேலிருந்து பச்சை நிறக் குழம்பு கொட்டும். அதில் வந்த சம்பளத்தைச் சேர்த்து வைத்து, அடுத்த வருடமே சொந்தச் செலவில் ஒரு சிங்கிள், அதாவது தனிப் பாட்டுத் தட்டு, வெளியிட்டார். வயது 13. இசை கம்பெனி கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் தானே தட்டு போட்டு விற்ற பெண் இவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் 'இவரை யாரோ உருவாக்கினார்கள்' என்று சொன்னவர்கள் வசதியாக மறந்த விஷயம் இது.

அப்புறம் ஒட்டாவாவைச் சேர்ந்த தயாரிப்பாளர் லெஸ்லி ஹோவ் கைக்கு வந்தார். எம்சிஏ கனடாவில் ஒப்பந்தம் ஆனது. 1991இல் 'அலானிஸ்' என்ற பெயரிலேயே முதல் ஆல்பம். கம்ப்யூட்டர் தாளம், கீபோர்டு, நடனம், ஊதி உயர்த்திய தலைமுடி என்று அந்தக் காலத்து டான்ஸ் பாப்புக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. கனடாவில் மட்டுமே வெளியானது, ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்று பிளாட்டினம் ஆனது. 'டூ ஹாட்' என்ற பாட்டு ரேடியோவில் நன்றாக ஓடியது. அமெரிக்க ராப் பாடகர் வனிலா ஐஸின் நிகழ்ச்சிக்கு முன்னால் மேடை ஏறினார். 1992இல் நம்பிக்கை தரும் புதிய பாடகிக்கான, கனடாவின் இசை விருதான ஜூனோவும் கிடைத்தது.

இங்கே கனடாவின் ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்திலிருந்தே கனடிய ரேடியோக்கள் 30 சதவீதம் உள்நாட்டுப் பாட்டு போட்டாக வேண்டும் என்று அன்று விதி இருந்தது. பக்கத்து வீட்டில் அமெரிக்கா என்ற ராட்சச இசைத்தொழில் இருக்கும் ஒரு நாடு தன் பாடகர்களைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த நடவடிக்கை அது. அதன் ஒரு விளைவு, எல்லைக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக இருக்கும் ஒருவரை அந்தப் பக்கம் யாருக்குமே தெரியாமல் இருக்கலாம். அலானிஸுக்கு அதுதான் நேர்ந்தது. 18 வயதில் ஒட்டாவாவில் அவர் பழைய நட்சத்திரம். லாஸ் ஏஞ்சலஸில் பூஜ்யம். பின்னால் இதுவே அவருக்குக் கைகொடுத்தது.

இரண்டு பாப் ஆட்கள் ஓர் அறையில்

பள்ளி முடித்ததும் டொரோன்டோவுக்குப் போனார். பாடல் உரிமை நிறுவனத்தின் ஏற்பாட்டில் பல எழுத்தாளர்களோடு உட்கார்ந்து பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. ஸ்காட் வெல்ச் என்ற மேலாளர் கிடைத்தார். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக வர ஆரம்பித்தார். அங்கே துப்பாக்கி முனையில் அவரிடம் வழிப்பறி நடந்தது. பதற்றத் தாக்குதல்களும் வந்தன. இதையெல்லாம் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1994இல் அங்கே கிளென் பல்லார்டைச் சந்தித்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். மிசிசிப்பிக்காரர், அப்போது வயது 40 சொச்சம். புகழ்பெற்ற தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் பட்டறையில் வளர்ந்தவர். சைடா காரெட்டோடு சேர்ந்து மைக்கேல் ஜாக்சனுக்கு 'மேன் இன் த மிரர்' எழுதியவர். வில்சன் பிலிப்ஸ் என்ற மூன்று பெண்கள் குழுவின் லட்சக்கணக்கில் விற்ற முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர். அதாவது, பளபளப்பான, ஒரு பிசிறும் இல்லாத பாப் இசையில் தேர்ந்த கை. டான்ஸ் பாப் பின்னணியிலிருந்து வந்த பெண்ணும் இவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் இன்னொரு பளபளப்பான பாப் ஆல்பம் வரும் என்றுதான் யாரும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

நடந்தது வேறு. லாஸ் ஏஞ்சலஸின் என்சினோ பகுதியில் பல்லார்டின் வீட்டு ஸ்டூடியோ. கம்பெனி கிடையாது, கெடு கிடையாது, இது யாருக்காக என்ற கேள்வியும் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்ற மாதிரி வேலை ஓடியது. பல்லார்ட் கிடாரிலோ கீபோர்டிலோ ஏதாவது வாசிக்க, அலானிஸ் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். எழுதி முடித்த அன்றே, பெரும்பாலும் இரவு நேரத்தில், மைக் முன்னால் நின்று ஒரு முறையோ இரண்டு முறையோ பாடுவார். அவ்வளவுதான். ஆல்பத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த மாதிரிக் குரல்பதிவுகளைத்தான். டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, என்று எடுத்த குரலே கடைசி வரை நின்றுவிட்டது.

பாப் தயாரிப்பில் சாதாரணமாகக் குரலைப் பல முறை பதிந்து, ஒவ்வொரு வரிக்கும் நன்றாக வந்த துண்டை எடுத்து ஒட்டுவார்கள். மூச்சுச் சத்தத்தைக் குறைப்பார்கள். ஸ்ருதி விலகினால் மறுபடி பாட வைப்பார்கள். பல்லார்டுக்கு இதெல்லாம் அத்துப்படி. தெரிந்தும் செய்யாமல் விட்டார். இந்த ஆல்பத்துக்கு அவர் கொடுத்த மிகப் பெரிய பங்களிப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

பாட்டைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டால்

'யூ ஆட்டா நோ' ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்ட வெறும் குரல்தான். பின்னால் டிரம்மின் மெல்லிய உரசல். மைக்குக்கு மிக அருகில், ஏறக்குறைய காதுக்குள் பேசுகிற மாதிரி, பழைய காதலனுக்கும் அவனுடைய புதிய துணைக்கும் நல்லது நடக்கட்டும் என்று நலம் விசாரிப்பது போல ஆரம்பிக்கிறார். அந்த மரியாதையில் உண்மை இல்லை என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பேஸ் கிடார் அடியில் கொதிக்க ஆரம்பிக்கிறது. அடுத்து வருகிற சில வரிகளில், புதியவள் உனக்கு இதையெல்லாம் செய்வாளா என்று படுக்கையறைச் சங்கதியை நேராகக் கேட்கிறார். பல்லவியில் குரல் மேலே ஏறி உடைகிறது. நீ விட்டுப்போன குப்பையை உனக்கு ஞாபகப்படுத்தத்தான் வந்தேன் என்கிற தொனி.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டுகிறது. அதை மறைக்காமல், இழுத்து வாங்கும் மூச்சையும் பாட்டின் தாளத்துக்குள் சேர்த்துவிடுகிறார். சாதாரணப் பேச்சில் அழுத்தம் விழாத அசைகளில் அழுத்தம் போடுகிறார். சொற்கள் மெட்டுக்குள் அடங்காமல் பிதுங்குகின்றன. ஒரு நல்ல குரல் ஆசிரியர் பக்கத்தில் இருந்திருந்தால் ஐந்தாறு இடத்தில் நிறுத்தி, 'மறுபடி' என்று சொல்லியிருப்பார்.

இது தானாக வந்த வெறும் கூச்சல் என்று நினைத்தால் தப்பு. மெல்லப் பேசுவதிலிருந்து உச்சத்துக்குப் போகும்போது ஸ்ருதி பிசகவே இல்லை. 13 வயதிலிருந்து ஸ்டூடியோவில் நின்று, இயந்திரத் தாளத்துக்குள் துல்லியமாகப் பாடிப் பழகிய தொண்டை அது. ஒரே முறையில் இப்படிப் பாட முடிந்ததற்கு அந்த இரண்டு டான்ஸ் பாப் ஆல்பங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவற்றை அவர் வாழ்க்கையின் அசட்டு அத்தியாயமாகவே எல்லோரும் எழுதுகிறார்கள்; எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

குரலைத்தான் தொடவில்லை. அதைச் சுற்றியிருந்ததை நன்றாகவே மாற்றினார்கள். பாட்டின் முதல் வடிவத்தில் இருந்த கிடாரும் பேஸும் அந்தக் குரலுக்கு ஈடுகொடுக்கவில்லை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழுவின் ஃப்ளீயையும் டேவ் நவாரோவையும் கூப்பிட்டார்கள். அலானிஸின் குரலைப் போட்டுக் கேட்டு, அதன்மேல் இருவரும் புதிதாக வாசித்தார்கள். டாம் பெட்டியின் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவைச் சேர்ந்த பென்மான்ட் டென்ச் ஆர்கன் வாசித்தார். வழக்கமாக வாத்தியம் முதலில், குரல் அப்புறம். இங்கே தலைகீழாக, பாடி முடித்த குரலுக்குப் பெரிய கைகள் பின்னால் ஓடி வருகின்றன. ஃப்ளீயின் பேஸ் ஒரு நொடிகூட நிற்காமல் துள்ளுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் குரலோடு வாக்குவாதம் செய்கிற மாதிரியே இருக்கிறது.

ஆல்பத்தின் கடைசித் தடத்தில் இதே பாட்டின் இன்னொரு கலவை வருகிறது. அது முடிந்து கொஞ்ச நேர அமைதிக்குப் பிறகு, எந்த வாத்தியமும் இல்லாமல் அலானிஸ் மட்டும் பாடும் ஒரு ரகசியப் பாட்டு. காதலன் இல்லாத நேரத்தில் அவன் வீட்டுக்குள் போன பெண் அங்கே இன்னொருத்தியின் கடிதத்தைப் பார்த்துவிடுகிற கதை. சிடி வாங்கியவர்களில் பலர் தற்செயலாகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

எங்கே கொண்டுபோய் விற்றார்கள்

கம்பெனிகள் பல இந்தப் பாடல்களைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றன. எடுத்துக்கொண்டது மடோனா பங்குதாரராக இருந்த மாவரிக். அங்கே கை ஓசியரி என்ற 22 வயது இளைஞர் டெமோவைக் கேட்டுச் சம்மதம் சொன்னார். பெரிய கம்பெனிகளில் பெரிய அனுபவசாலிகள் விட்டதை இவர் பிடித்ததற்கு அவருடைய வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். பாடும் பெண்ணுக்கும் அவருக்கும் இரண்டு வயதுகூட வித்தியாசம் இல்லை.

இந்தப் பாடல்கள் அடங்கிய 'ஜாகிட் லிட்டில் பில்' ஆல்பம் 1995 ஜூன் 13 அன்று வெளியானது. முதல் சிங்கிளாக எதை அனுப்புவது? ஆல்பத்தில் 'ஐரானிக்' இருந்தது, 'ஹேண்ட் இன் மை பாக்கெட்' இருந்தது. இரண்டும் இனிமையான, யாருக்கும் பிடிக்கக்கூடிய பாடல்கள். கெட்ட வார்த்தையும் படுக்கையறையும் உள்ள பாட்டையா முதலில் அனுப்புவார்கள்? அனுப்பினார்கள். அதுவும் பாப் நிலையங்களை முதல் குறியாக வைக்காமல் மாற்று ராக் நிலையங்களுக்கு. லாஸ் ஏஞ்சலஸின் கேஆர்ஓக்யூ நிலையம் பாட்டு கைக்கு வந்த உடனேயே போட ஆரம்பித்தது. நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் இறந்து ஒரு வருடம் சொச்சம் ஆகியிருந்த நேரம். அந்த வகை நிலையங்களில் ஆண்களின் கோபம் நிறையவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் கோபம் இவ்வளவு நேராக, இவ்வளவு தெளிவான மெட்டோடு வந்தது கேட்பவர்களைச் சட்டென்று நிமிர வைத்தது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். ஃப்ளீ, நவாரோ பெயர்கள் அந்த வாசலைத் திறக்க உதவியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு தந்திரமும் நடந்தது. அமெரிக்காவில் இந்தப் பாட்டைத் தனி சிங்கிளாகக் கடைக்கே அனுப்பவில்லை. பிடித்திருக்கிறதா, முழு ஆல்பத்தை வாங்கு என்ற கணக்கு. 90களில் அமெரிக்கக் கம்பெனிகள் அடிக்கடி செய்த வேலைதான். கடையில் சிங்கிள் விற்காத பாட்டுக்கு அப்போது பில்போர்டின் முக்கியமான 100 பாட்டுப் பட்டியலில் இடமில்லை. அந்த விதி 1998 கடைசியில்தான் மாறியது. அதனால் அந்த வருடம் எங்கு திரும்பினாலும் கேட்ட பாட்டு அந்தப் பட்டியலில் தென்படவே இல்லை. 1996இல் 'யூ லேர்ன்' சிங்கிளோடு சேர்த்து, கிராமி மேடையில் பாடிய வடிவத்தை வெளியிட்டபோதுதான் உள்ளே வந்து 6ஆம் இடம்வரை போனது. பட்டியலை மட்டும் பார்த்து வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

ஆல்பம் மெதுவாகத்தான் ஏறியது. முதல் வாரம் நூறு இடங்களுக்குள்ளேகூட வரவில்லை. அக்டோபரில் முதலிடம் பிடித்தது. எல்லாம் சேர்த்து 12 வாரம் அங்கே இருந்தது. ஒன்றரை வருடம் ஊர் ஊராகக் கச்சேரி. அந்தப் பயணத்தில் டிரம் வாசித்த டெய்லர் ஹாக்கின்ஸ் பிறகு ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவுக்குப் போய்த் தனியாகப் புகழ் பெற்றார். அமெரிக்காவில் 1.6 கோடிக்கு மேல், கனடாவில் 20 லட்சம், உலகம் முழுக்க சுமார் 3.3 கோடி பிரதிகள் விற்றன. கிராமி நான்கு, அவற்றில் சிறந்த ராக் பாட்டும் சிறந்த பெண் ராக் குரலும் 'யூ ஆட்டா நோ'வுக்கு. அதே வருடம் ஜூனோ ஐந்து.

கிராமி மேடையில் அவர் செய்தது எனக்குப் பிடிக்கும். எல்லோரும் கத்தலை எதிர்பார்த்திருக்க, நரம்பு வாத்தியங்களோடு பாட்டின் வேகத்தைக் குறைத்து, ஏறக்குறைய தாலாட்டு மாதிரிப் பாடினார். கெட்ட வார்த்தையை மட்டும் தொலைக்காட்சி ஒலியில் வெட்டிவிட்டார்கள்.

இரண்டு சந்தேகங்கள்

பாட்டு ஹிட் ஆனதுமே 'யார் அந்த ஆள்?' என்ற விசாரணை ஆரம்பித்துவிட்டது. ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நடிகரின் பெயர் அதிகம் அடிபட்டது. அலானிஸ் இன்றுவரை யார் பெயரையும் சொன்னதில்லை. சொல்லாததே நல்லது. இவ்வளவு கவனமாகக் கட்டிய பாட்டைக் கிசுகிசுவின் துணுக்காகச் சுருக்கியதுதான் அந்த விசாரணை செய்த வேலை. ஒரு ஆண் பாடகர் இப்படிப் பாடியிருந்தால் அவருடைய கலையைப் பற்றி முதலில் பேசியிருப்பார்கள்.

இரண்டாவது சந்தேகம் கனடாவிலிருந்தே வந்தது. அங்கே எல்லோருக்கும் பழைய 'அலானிஸ்' ஞாபகம் இருந்தது. நேற்றுவரை நடனம் ஆடிய பெண் இன்று திடீரென்று கோபக்காரியா, இது கம்பெனி மாட்டிவிட்ட புது வேஷம்தானே என்றார்கள். அமெரிக்கருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பழைய ஆல்பம் தெரியாது. அமெரிக்காவில் வெளியாகாமல் போன முதல் இரண்டு ஆல்பங்கள், அவரை அங்கே புத்தம் புதியவராக நிறுத்தின. வேஷம் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. 16 வயதில் பாடியதையே 21இலும் பாட வேண்டும் என்று யாரிடம் கேட்போம்?

தொழிலில் ஏற்பட்ட மாற்றத்தையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. பிஜே ஹார்வி, லிஸ் ஃபேர், கோர்ட்னி லவ் போன்ற பாடகிகள் எல்லாம் முன்னாலேயே பாதை போட்டிருந்தார்கள். அலானிஸ் நிரூபித்தது, இது கோடிக்கணக்கில் விற்கும் என்பதை. அப்படியும் இரண்டு பெண்களின் பாட்டை அடுத்தடுத்துப் போடத் தயங்கும் வழக்கம் அமெரிக்க ரேடியோவில் இருந்தது. அதில் கடுப்பாகித்தான் இன்னொரு கனடியரான சாரா மெக்லாக்லன் 1997இல் பெண் கலைஞர்களை முன்னிறுத்திய லிலித் ஃபேர் பயணக் கச்சேரிகளைத் தொடங்கினார்.

பத்து வருடம் கழித்து

அலானிஸ் கொஞ்ச காலம் ஒதுங்கினார், இந்தியாவுக்கு வந்து போனார். 1998இல் வந்த 'தேங்க் யூ' பாட்டில் இந்தியாவுக்கு நன்றி சொல்வது அதனால்தான். அந்த ஆல்பமும் முதலிடம் போனது, ஆனால் முந்தையதன் உயரத்தைத் தொடவில்லை. யாராலும் தொட்டிருக்க முடியாது.

இந்த ஆய்வுக்கு எனக்கு முக்கியமாகப் படுவது 2005. ஆல்பத்தின் பத்தாண்டு நிறைவுக்கு அதே 'ஜாகிட் லிட்டில் பில்' பாடல்களை அதே பல்லார்டோடு, மென்மையான அகூஸ்டிக் வடிவத்தில் மறுபடி பதிந்தார். வட அமெரிக்காவில் முதல் ஆறு வாரம் அது ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளில் மட்டும் கிடைத்தது. கோபமான இசைக் கடை நிறுவனம் ஹெச்எம்வி கனடா, அவருடைய மற்ற ஆல்பங்களையும் சேர்த்துத் தன் கடை அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு காலத்தில் யாரும் வேண்டாத டெமோவாகத் திரிந்த பாடல்களுக்காக இப்போது கடைக்காரர்கள் சண்டை போட்டார்கள்.

சோதனைக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான ஒப்பீடு அமையாது. பாட்டு அதே, எழுதியவர்கள் அதே, பாடுபவரும் அவரே. குரல் இன்னும் பக்குவப்பட்டிருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, சொற்கள் மெட்டுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. 'யூ ஆட்டா நோ'வின் அந்த வடிவத்தில் பிழை சொல்ல ஒன்றுமே இல்லை. நடந்ததை ஒருவர் நிதானமாக நினைவுகூர்வது போல இருக்கிறது. என்சினோவின் பதிவிலோ அது இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. இந்த ஆல்பத்தை வைத்து உருவாகி, நியூயார்க்கின் பிராட்வே அரங்கு வரை போன இசை நாடகத்தில் நடிகை லாரன் பேட்டன் இந்தப் பாட்டுக்குக் கையில் எடுத்ததும் அந்தச் சூட்டைத்தான். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்ட, நாடகம் பல இரவுகள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுதான் நகர்ந்தது. அந்த வேடத்துக்காக 2021இல் அவருக்கு நாடகத்துக்கான டோனி விருதும் கிடைத்தது.